உமித் தலையணை

சிள்வண்டு வாங்கும்போது முதலில் பெட்டியை மோந்து பார்க்க வேண்டும். கடைக்காரர் என்ன நினைப்பாரோ என்று கூச்சப்படக் கூடாது. நல்ல சிள்வண்டுக்குக் காய்ந்த வைக்கோல் வாசனைதான் இருக்கும். சுள்ளென்று மூக்கில் ஏறினால், அடியில் செத்தவை கிடக்கின்றன, உயிரோடிருப்பவை அவற்றைத் தின்றுகொண்டிருக்கின்றன என்று அர்த்தம். உங்கள் மகள் தாடி ஓணான் வளர்ப்பதாகச் சற்று முன் காபி கொண்டுவந்தபோது சொன்னீர்கள். அவளிடம் சொல்லுங்கள், வாங்கி வந்த அன்றே ஓணானுக்குப் போட வேண்டாம். ஒரு நாள் வைத்திருந்து, கேரட்டும் கீரையும் கொடுத்து, பூச்சியின் வயிறு நிரம்பிய பிறகு போடட்டும். ஓணான் தின்பது சிள்வண்டை அல்ல, சிள்வண்டு தின்றதைத்தான். எங்கள் தொழிலில் இது அரிச்சுவடி. ஆனாலும் பாதிப் பேருக்குத் தெரியாது. பட்டினி கிடந்த பூச்சியைப் போட்டுவிட்டு, ஓணான் ஏன் காலை இழுக்கிறது என்று கேட்பார்கள்.

நான் பேச்சை மாற்றுவதாக நினைக்க வேண்டாம். நீங்கள் யாந்தினாவைப் பற்றிக் கேட்டீர்கள். அவளைப் பற்றிச் சொல்ல எனக்கு இங்கிருந்துதான் தொடங்கத் தெரியும்.

யாந்தினா என் தங்கை. நான் அவளுக்குப் பதினைந்து வயது மூத்த அக்கா. அம்மா அவளைப் பெற்றுக் கையில் கொடுத்துவிட்டு அதிக நாள் இருக்கவில்லை. அப்பாவுக்கு மாடுகளைத் தவிர வேறு யாரிடமும் பேச வராது. ஆகவே அவளுக்குப் பல் முளைத்தது, சைக்கிள் பழகியது, முதல் தடவை யாரோ ஒரு பையனுக்காக அழுதது எல்லாம் என் மடியில்தான். அப்பா போன பிறகு மாடுகளை விற்றோம். கொட்டகை காலியாகக் கிடந்தது. கடலோரத்துக் காற்று புகாதபடி பலகை அடித்து, சூடேற்றி வைத்து, நான் அதில் பூச்சி வளர்க்க ஆரம்பித்தேன். பக்கத்துப் பண்ணை போப்கோ வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "என்ன ரூல்ஃபின், நாலு கால் போயி ஆறு காலா? இதுல எந்தக் காம்புல பால் கறப்ப?" என்று கேட்டான். கேட்டவனே சிரித்தும் கொண்டான். அவன் சிரித்து முடிக்கும் வரை நின்றிருந்துவிட்டு உள்ளே போனேன்.

சிள்வண்டு, வெட்டுக்கிளி, மாவுப்புழு, தவளை வளர்ப்பவர்களுக்கான பழ ஈ, பெரிய பல்லிகளுக்கான கரப்பான் என்று எல்லாமே வைத்திருந்தோம். வாயில்லா ஜீவன் என்று மாட்டைச் சொல்வார்கள். மாட்டுக்காவது கத்தத் தெரியும். பூச்சிக்கு ஒன்றுமே தெரியாது. சூடு நின்றால் சத்தமில்லாமல் செத்துப்போகும். ஒரு முறை நான் ஒருவரோடு டெக்செல் தீவுக்குப் போய் இரண்டு நாள் தங்கினேன். அவர் பெயர் இந்த விஷயத்துக்கு வேண்டாம். திரும்பி வந்து கொட்டகைக் கதவைத் திறந்தால் உள்ளே ஒரு சத்தமும் இல்லை. சூடேற்றி நின்றுபோயிருந்தது. வெட்டுக்கிளிகள் கம்பி வலையைப் பிடித்தபடியே விறைத்திருந்தன. அதற்குப் பிறகு நான் என் கட்டிலைத் தவிர வேறெங்கும் படுத்ததில்லை. அவர் இன்னொரு முறை கூப்பிட்டுப் பார்த்தார். அதற்கடுத்து கூப்பிடவில்லை. நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். பூச்சி வளர்ப்பவர்கள் பூச்சியைப் பெட்டிக்குள் வைத்திருப்பதாக எல்லாரும் நினைக்கிறார்கள். யார் பெட்டிக்குள் இருக்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியும்.

ஆனால் எனக்கு யாந்தினா இருந்தாள். அவள் இருந்தவரை எனக்கு அது பெட்டியாகத் தெரிந்ததே இல்லை.

விற்பதில் அவள்தான் கெட்டி. எனக்குப் பூச்சியோடு பேச வரும், ஆட்களோடு வராது. குரோனிங்கன் நகரத்து விளையாட்டு அரங்கில் ஊர்வன சந்தை கூடும்போது நான் பின்னால் நின்று பெட்டி எடுத்துக் கொடுப்பேன், அவள் முன்னால் நின்று வாயாடுவாள். அங்கேதான் எல்ட்யோ வந்தான். நெட்டையாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, பழ ஈ இருந்த ஒவ்வொரு புட்டியையும் வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தான். பின்னால் ஒரு கூட்டம் காத்திருந்தது.

"தவளைக்கு வாங்குறீங்களா, இல்ல உங்களுக்கா?" என்று கேட்டாள் யாந்தினா.

"தவளைக்குத்தான். நான் சாப்பிட்டுட்டேன்" என்றான் அவன், புட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் அதுவரை கேட்டதில்லை. அவன் அடுத்த சந்தைக்கும் வந்தான். பிறகு சந்தை இல்லாத நாளிலும் வந்தான்.

இதற்கிடையில்தான் அவளுக்கு ஒவ்வாமை வந்தது. நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், அதை நான் வரவழைக்கவில்லை. எங்கள் தொழிலில் அது தானாக வருவது. பூச்சி உரிக்கும் சட்டையும் எச்சமும் காய்ந்து தூளாகிக் காற்றில் மிதக்கும். வருஷக்கணக்காக அதைச் சுவாசிக்கிற உடம்பு ஒரு நாள் போதும் என்று சொல்லிவிடும். அவளுக்கு முதலில் தெரிந்தது இறாலில்தான். எங்கள் கடற்கரையில் பிடிக்கிற சின்னச் சாம்பல் இறால் என்றால் அவளுக்கு உயிர். உரித்து ரொட்டியில் வைத்துத் தின்றவளுக்கு உதடு வீங்கிவிட்டது. கொஞ்ச நாளில் கொட்டகைக்குள் போனாலே இழுப்பு வந்தது. மருத்துவர் சோதித்துவிட்டு, பூச்சியும் இறாலும் ஒரே வம்சம், இனிமேல் அந்தக் கொட்டகைப் பக்கமே போகக் கூடாது என்று சொல்லி இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார்.

நான் அதைக் கண்ணும் கருத்துமாகக் கடைப்பிடித்தேன். கொட்டகை உடுப்பைக் கொட்டகையிலேயே கழற்றிவிட்டு, அங்கேயே தலைக்குக் குளித்து, வேறு துணி போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குள் வருவேன். நடுக் குளிர்காலத்திலும் ஈரத் தலையோடு முற்றத்தைக் கடந்திருக்கிறேன். அவள் அறையில் விரிப்பைத் தூக்கிவிட்டுத் தரையை ஈரத்துணியால் துடைத்தேன். அவளுக்கு வீட்டில் அதன் பிறகு இன்ஹேலரே தேவைப்படவில்லை. வந்து பார்த்த மருத்துவர், இப்படி ஒரு அக்கா கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார். என் காதுபடவே சொன்னார்.

நீங்கள் கேட்ட அந்தத் தலையணையைப் பற்றி இப்போது சொல்கிறேன்.

அவளுக்கு இறகுத் தலையணை ஆகாது. சின்ன வயதிலிருந்து கோதுமை உமி அடைத்த தலையணைதான், நான் தைத்தது. தலையைத் திருப்பினால் உமி சரசரக்கும். அந்தச் சத்தம் இல்லாவிட்டால் தூக்கம் வராது. எல்ட்யோ வீட்டுக்கு முதல் முறை போய்த் தங்கப் போகிறேன் என்று அவள் சொன்னபோது, பழையதைச் சுமந்துகொண்டு போக வேண்டாம் என்று அதே துணியில் இன்னொன்று தைத்தேன். உமி மூட்டை கொட்டகையில் இருந்தது. பூச்சிக்குப் படுக்கை போடவும் உமிதானே. அவசரத்தில் அங்கேயே உட்கார்ந்து அடைத்தேன். மூட்டைக்குப் பக்கத்தில் கரப்பான் சட்டைகளைச் சலித்துக் கொட்டும் தொட்டி திறந்து கிடந்தது. நான் கவனிக்கவில்லை.

அவள் போன மறுநாளே திரும்பி வந்துவிட்டாள். எல்ட்யோதான் காரில் கொண்டுவந்து விட்டான். அவன் முகம் சுண்ணாம்பாக இருந்தது. அங்கே போய்ப் படுத்ததிலிருந்து இழுப்பு, விடிய விடிய உட்கார்ந்தே இருந்தாளாம். அவன் போன பிறகு என் மடியில் தலை வைத்துக்கொண்டு, "அங்க மூச்சே விட முடியலக்கா. இங்க வந்து கொஞ்ச நேரத்துல எல்லாம் சரியாயிடுச்சு. அவன் தவளைக்குப் போடற ஈயும் சிள்வண்டும்தான் காரணமா இருக்கும்" என்றாள். நான் அவள் தலையைக் கோதிக் கொடுத்தேன். அன்று இரவு இரண்டு பேரும் பட்டாணி சூப் குடித்தோம். அவள் இரண்டு கிண்ணம் குடித்தாள். நான் சந்தோஷமாக இருந்தேன்.

அடுத்த நாள் நான் முற்றத்தில் அவளுடைய பையைப் பிரித்துத் தலையணையை எடுத்து உதறியபோதுதான் எனக்கு விளங்கியது. வெளிச்சத்தில் சாம்பல் நிறமாகப் பறந்தது. கரப்பான் தொட்டியின் வாசனை, பழைய காளான் போல. அதை அடுப்பில் போட்டிருக்க வேண்டும். போடத்தான் எடுத்துப் போனேன். போகும்போது, இதைச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். அவள் அடுத்த வாரமே மறுபடியும் கிளம்புவாள். நான் தலையணையைக் கொட்டகையின் மேல் தட்டில் வைத்தேன். அன்றைக்கு அவ்வளவுதான் செய்தேன், வேறொன்றும் செய்யவில்லை.

மாவுப்புழுவை எப்படி வைத்திருப்போம் தெரியுமா? சூட்டில் விட்டால் அது கூட்டுப்புழுவாகி, வண்டாகிவிடும். வண்டை யாரும் வாங்க மாட்டார்கள். அதனால் குளிர்பெட்டியில் வைப்போம். சாகாது, வளராது, அப்படியே இருக்கும். மாதக்கணக்கில் இருக்கும். வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் நெளியும். அதற்கு ஒரு கஷ்டமும் இல்லை. நான் எத்தனையோ தடவை உற்றுப் பார்த்திருக்கிறேன், கஷ்டப்படுவதற்கு அறிகுறியே கிடையாது.

அவள் எல்ட்யோ வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பை கட்டிக் கொடுப்பது நான்தான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஊருக்குப் போகும் தலையணை அந்தப் பையில்தான் போகும். கரப்பான் சட்டைத் தூள் உதிர்ந்து குறைந்துபோனால் கொஞ்சம் சேர்ப்பேன், மெல்லிய சல்லடையில் சலித்து, காலும் இறகும் விழாதபடி. சுத்தமாகத்தான் செய்தேன். சலித்த தூளை முதலில் பனிப்பெட்டியில் உறைய வைப்பேன். பூச்சி முட்டை ஏதாவது இருந்தால் செத்துப்போகும். உமியையும் அப்படித்தான் உறைய வைத்த பிறகு பயன்படுத்துவோம். இல்லாவிட்டால் வேண்டாதது குடியேறிவிடும்.

எல்ட்யோ நல்ல பையன். அதை நான் எங்கும் சொல்வேன். முதலில் தவளைகளைத் தோட்டத்துக் கொட்டிலுக்கு மாற்றினான். அவள் போனாள், இழுப்பு வந்தது. வீட்டில் விரிப்பு, திரை எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுச் சுவருக்கு வண்ணம் அடித்தான். அவள் போனாள், வந்தது. கடைசியில் தவளைகளையே கொடுத்துவிட்டான். நீலமும் மஞ்சளுமாக நகத்தளவு தவளைகள். முட்டையிலிருந்து, ஒவ்வொரு தலைப்பிரட்டையையும் தனித்தனிக் கிண்ணத்தில் வைத்து வளர்த்தவை. அவற்றை எடுத்துக்கொண்டு போக ஆள் வந்தபோது, அவன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டானாம். யாந்தினா சொல்லிவிட்டு அழுதாள். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. நான் கல் அல்ல. அந்த மாதம் புதிதாகத் தூள் சேர்க்காமல் விட்டேன். ஆனால் தலையணையில் இருந்ததே போதுமானதாக இருந்தது.

அப்புறம் அவளே போவதைக் குறைத்துக்கொண்டாள். பயம் வந்துவிட்டது. சாமான் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனாலும் கையில் இன்ஹேலரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போய், ஓட்டமாகத் திரும்பி வருவாள். எங்கள் ஊரில் ஜன்னலுக்குத் திரை போடும் வழக்கமில்லை; தெருவில் போகிறவர்கள் எல்லாரும் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பார்கள், கையாட்டுவார்கள், அவளும் கையாட்டுவாள். போப்கோ ஒரு நாள், "உன் தங்கச்சியயும் கண்ணாடிப் பெட்டில வெச்சு வளக்குற போல" என்றான். அவனுக்கு எல்லாம் வேடிக்கை. எனக்கு அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒரு நாள் மாலை அவள் ஜன்னலைப் பார்த்தபடியே, "அக்கா, நான் செத்தா இந்த வீட்டுலதான் சாவேன் போல" என்றாள். வருத்தமாகச் சொன்னாளா, சும்மா சொன்னாளா, தெரியவில்லை. "வீட்டுல சாகாம தெருவுலயா சாவாங்க?" என்று கேட்டேன். நான் காபி போட்டுக் கொடுத்தேன், கூட ஒரு பிஸ்கட். காபிக்கு ஒரே பிஸ்கட் கொடுத்து டப்பாவை மூடிவிடுவதுதான் எங்கள் ஊர் வழக்கம்; அவளுக்கு என்றால் டப்பாவை மூடாமலே வைப்பேன், இரண்டாவது எடுத்துக்கொள்ளட்டும் என்று. அவள் எடுக்கவில்லை.

இப்படியே இருந்திருக்கும். எல்ட்யோவுக்குத் தெற்கே மாஸ்ட்ரிக்டில் வேலை கிடைத்தது. நாட்டின் அந்தக் கோடி. அங்கே புதிதாகக் கட்டிய வீடு பார்த்தான். யாரும் குடியிருக்காத வீடு, ஒரு பூனைகூட நடந்திராத தரை. மருத்துவரும், இதைவிட நல்ல யோசனை இல்லை என்றார். கல்யாணத்துக்கு நகராட்சியில் பதிந்துவிட்டார்கள். யாந்தினா அதை என்னிடம் சமையலறையில் சொன்னாள், பாத்திரம் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல். "நீயும் வந்துடேன்க்கா. கொட்டகைய யாருக்காச்சும் வித்துடலாம்" என்றாள்.

அவள் உண்மையாகவே கேட்டாள். நான் அதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன், இங்கே வந்த பிறகும். நான் "பாக்கலாம்" என்றேன். வேறு என்ன சொல்வது? அவன் வீட்டில் ஒரு அறையில் நான், அவர்கள் சிரிப்பதைச் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டு. இல்லாவிட்டால் இங்கே, சிள்வண்டுச் சத்தத்தோடு நான் மட்டும். எனக்குப் பயமாக இருந்தது. இவ்வளவு வயதான பெண் தனியாக இருக்கப் பயப்படுவாளா என்று நீங்கள் கேட்கலாம். பயப்படுவாள். அந்தக் கொட்டகையில் எல்லாம் செத்து அடங்கியிருந்த நாளை நான் பார்த்திருக்கிறேன்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். புது வீட்டிலும் அவளுக்கு இழுப்பு வந்தால், அதுவும் மிகக் கடுமையாக வந்தால், இனி எந்த வீட்டிலும் முடியாது, இங்கே மட்டும்தான் முடியும் என்று அவளுக்கே தோன்றிவிடும். மருத்துவருக்கும் தோன்றும். எல்ட்யோவுக்கும் வேறு வழியிருக்காது. ஒரே ஒரு முறை, நன்றாக. அதற்குப் பிறகு தேவையே இருக்காது. அதனால் இந்த முறை கொஞ்சம் சேர்க்கவில்லை. பாதி உமியைக் கொட்டிவிட்டு அந்த இடத்தில் தூளை அடைத்தேன். பழைய தலையணையையும் எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று கேட்டாள். "அது இங்கயே இருக்கட்டும், நீ வரும்போது வேணும்ல" என்றேன். அவளிடம் இரண்டு இன்ஹேலர் இருந்தன. குலுக்கிப் பார்த்தாலே எதில் மருந்து இருக்கிறது என்று தெரியும். கனமில்லாததைப் பையில் வைத்தேன், மற்றதை எடுத்து வைத்துக்கொண்டேன். மருந்தில் இழுப்பு அடங்கினால் பயம் போய்விடும், பயம் போய்விட்டால் அங்கேயே இருந்துவிடுவாள்.

ஒன்றில் மட்டும் தவறிவிட்டேன். அந்தத் தூளை உறைய வைக்கவில்லை. பனிப்பெட்டியில் இடமில்லை. அவள் திரும்பி வந்ததும் கொடுக்கலாம் என்று முன்கூட்டியே பட்டாணி சூப் செய்து டப்பா டப்பாவாக அடுக்கியிருந்தேன்.

அவள் சனிக்கிழமை போனாள். ஞாயிறு காலை, நான் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. முதலில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. நான் காத்திருந்தேன்.

"அக்கா, இங்கயும் வந்துடுச்சு. இன்ஹேலர்ல ஒண்ணுமே வரல. எல்ட்யோ மருந்துக் கடை தேடிப் போயிருக்கான்."

"பதறாத" என்றேன்.

"ஆம்புலன்ஸக் கூப்பிடட்டுமா?"

அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியதை மறைக்கப் போவதில்லை. ஆம்புலன்ஸ் வந்தால் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரியில் நல்ல மருந்து கொடுப்பார்கள், ஒரு வழி கண்டுபிடிப்பார்கள், அவள் அங்கேயே தங்கிவிடுவாள். "அவன் இப்ப வந்துடுவான். அலையாம கட்டில்ல போய்ப் படு. தலையணையக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுக் கண்ண மூடிக்கோ. நாளைக்கு வீட்டுக்கு வந்துடலாம்" என்றேன்.

"சரிக்கா" என்றாள். சின்ன வயதிலிருந்தே சொன்ன பேச்சுக் கேட்கிறவள்.

நான் போனை வைத்துவிட்டு வெட்டுக்கிளிகளுக்குப் புல் வெட்டப் போனேன். எல்ட்யோ திரும்பி வந்தபோது அவள் தலையணையில் முகம் வைத்துப் படுத்திருந்தாளாம். தூங்குகிறாள் என்று நினைத்து, சத்தம் செய்யாமல் நடந்தானாம்.

எங்கள் ஊரிலேயே அடக்கம் செய்தோம். மாஸ்ட்ரிக்ட் மருத்துவர் ஆஸ்துமா என்று எழுதியிருந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. பிறகு எல்லாருக்கும் காபியும் ஒரு துண்டு கேக்கும். எல்ட்யோ என்னிடம் வந்து, "என்னாலதான் அக்கா. என் துணிமணில, என் ஒடம்புலயே அந்தப் பூச்சித் தூசி ஒட்டியிருந்திருக்கும்" என்றான். நான் அவன் கையைத் தட்டிக் கொடுத்தேன். அவளுடைய சாமான்களை, முக்கியமாக அந்தத் தலையணையை, அனுப்பிவிடச் சொன்னேன். எல்லாவற்றையும் அனுப்பினான், தலையணையைத் தவிர. "அத மட்டும் நான் வெச்சுக்கறேன். அதுல அவ வாசன இருக்கு" என்றான். அதற்கு மேல் வற்புறுத்த எனக்கு வாய் வரவில்லை.

இந்த வசந்தத்தில் அவன் வந்தான். சொல்லாமல் கொள்ளாமல் வந்து, சமையலறை மேஜை மேல் மூடியில் துளை போட்ட பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை வைத்தான். சிள்வண்டு விற்க நாங்கள் பயன்படுத்தும் அதே மாதிரிப் பெட்டி. உள்ளே கொஞ்சம் உமி. உமியில் கறுப்பாகச் சின்ன வண்டுகளும் பழுப்புப் புழுக்களும் ஊர்ந்துகொண்டிருந்தன. அவை துப்புரவு வண்டுகள். கரப்பான் தொட்டியில் விடுவோம். செத்ததையும் உரித்த சட்டையையும் தின்று தொட்டியைச் சுத்தமாக வைத்திருக்கும். அவற்றின் முட்டை எந்தச் சல்லடையிலும் நிற்காது. உறைய வைத்தால்தான் சாகும்.

"இது உங்க வண்டுதானே அக்கா?" என்று கேட்டான்.

தானியம் இருக்கும் இடத்தில் எங்கேயும் வரும், உமியில் இருந்திருக்கும் என்று சொல்லியிருக்கலாம். அவன் நம்பியிருக்கவும் கூடும். ஆனால் நான் பெட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். நல்ல மினுமினுப்பு, நல்ல வேகம். இத்தனை மாதம் ஒரு தலையணைக்குள் கிடந்து பெருகியிருக்கின்றன. "எங்களுதுதான். பாரு, எப்படிக் கொழுத்திருக்கு" என்றேன். வளர்த்தவளுக்கு வேறு எப்படிச் சொல்ல வரும்?

அவன் பெட்டியை என் கையிலிருந்து வாங்கி மேஜை மேல் வைத்தான். "அவ உங்க கொட்டகைல காலு வெச்சு வருஷக்கணக்காச்சு. இது எப்படி அவ தலைக்கடியில வந்துச்சு?" என்றான். நான் காபி ஊற்றினேன். அவன் குடிக்கவில்லை. "நான் என் தவளையெல்லாம் கொடுத்தேன். என்னாலதான் அவளுக்கு மூச்சு முட்டுதுன்னு கொடுத்தேன்" என்றான். குரலை உயர்த்தவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு போனான். அவன் நேராகக் காவல் நிலையத்துக்கு, உங்களிடம்தான் வருவான் என்று தெரிந்தது. நான் சாயங்காலத் தீனியை முடித்துவிட்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொட்டகையை இப்போது போப்கோ பார்த்துக்கொள்வதாகச் சொன்னீர்கள். நன்றி. வெட்டுக்கிளிக்கு ஈரப் புல் போடக் கூடாது என்று அவனுக்குச் சொல்லிவிடுங்கள்.

நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன், அப்படியே எழுதிக்கொள்ளலாம். தலையணையில் தூளை அடைத்தது நான். காலி இன்ஹேலரை வைத்தது நான். போனில், தலையணையைத் தூக்கி எறி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் கட்டிப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். அவள் சாக வேண்டும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. சாக வேண்டும் என்று நினைத்திருந்தால் வீட்டிலேயே வைத்துக் கொன்றிருக்க மாட்டேனா? எல்ட்யோ வீட்டில் எத்தனை தடவை மூச்சுத் திணறினாள், புது வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தாங்கவில்லை. அந்த வீடுகளோடு என் வீட்டைச் சேர்த்து எழுதாதீர்கள். இதையும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்: என் வீட்டுக்குள் அவளுக்கு ஒரு நாளும் மூச்சு முட்டியதில்லை.